சந்தனப் பொட்டு வைத்த சிடி

சுனாமி வந்ததே, அதற்கு முந்தைய வருடம் ஆடி மாதம். அப்போது நான் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்டர் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். முன்னால் ஒரு ஜெராக்ஸ் மெஷின், பலகைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்றில் மட்டும் சிடி ரைட் பண்ணும் டிரைவ் இருந்தது. எங்கள் ஊரில் அப்போது அது பெரிய அதிசயம். எனக்கு மட்டும் அது பெரிய தலைவலி.

அந்த டிரைவை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சிடி ரைட் ஆகும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் தொடக்கூடாது. மவுஸ் நகர்ந்தாலே கெட்டுவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. வோல்டேஜ் இறங்கிவிடும் என்று ஜெராக்ஸையும் நிறுத்திவிடுவார். ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வாசலில் நிற்பார்கள். இவ்வளவு மரியாதை செய்தும், முக்கால்வாசி ஓடியபிறகு எர்ரர் என்று ஒரு பெட்டி திரையில் வந்து உட்காரும். ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான், அந்த சிடியில் மறுபடி எழுத முடியாது. அப்படி வீணானவற்றை டீ கிளாஸுக்கு அடியில் வைப்போம். மீதியை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய் சைக்கிளுக்குப் பின்னால் பளபளவென்று கட்டிக்கொள்வார்கள்.

என் அப்பாவுக்கு மைக்தான் தொழில். ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்து 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று ஆரம்பித்தாரென்றால், வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன மாடு, எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அப்பாவின் குரல்தான். அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மைக்காரர் என்றால்தான் தெரியும். நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன்.

வெளியில் அவ்வளவு நல்ல தமிழ் பேசுகிறவர், வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவோடு சண்டைதான். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அம்மா திட்டுவாள், குழம்பில் உப்பில்லை என்று இவர் திருப்பித் திட்டுவார். அவர்கள் சாதாரணமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள். பரீட்சைக்குப் படித்த காலத்திலெல்லாம் இரண்டு பேரையும் நினைத்து நான் நொந்துபோயிருக்கிறேன்.

அந்த வருடம் அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று பனங்கற்கண்டும் மிளகும் சாப்பிட்டுக்கொண்டே நாளைக் கடத்தினார். கடைசியில் சென்னையில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு விடுவார், பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவருக்கு வந்த நோயைப் பார்த்தீர்களா? எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலை சிடியில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்பது என் யோசனை. அப்பா பிடிகொடுக்கவில்லை. நான் என்ன பாட்டுக்காரனா என்று கேட்டார். நல்லவேளையாக, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் அந்தச் சமயத்தில் வந்து, ஆடித் தள்ளுபடிக்கு நீங்கள்தான் பேச வேண்டும், ரெகார்ட் பண்ணியாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். விளம்பரம் என்றதும் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெற்ற மகள் கெஞ்சியபோது வராத மனிதர் அவர்.

சென்டரில் இருந்தது ஹெட்போனோடு ஒட்டிய மெல்லிய மைக். அப்பா அதை நிமிண்டிப் பார்த்துவிட்டு, இது காது குடைகிற குச்சி மாதிரி இருக்கிறது, இதில் பேசினால் யாருக்குக் கேட்கும் என்றார். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லாமல் அவருக்குப் பேச்சே வராது. ஒவ்வொரு தடவையும் அதை வெட்டி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆடி மாதமாயிற்றே, அம்மன் கோயில் ஸ்பீக்கர் வேறு அலறிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்தால் பஸ் ஹாரன். கடைசியில் அப்பாவே எழுந்துபோய், கோயில் சவுண்டு சர்வீஸ்காரரிடம் பேசி, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். மைக் முன்னால் உட்கார்ந்ததும் அந்தக் கட்டிய தொண்டையிலிருந்து பழைய குரல் எப்படித்தான் வந்ததோ தெரியவில்லை. ஆடித் தள்ளுபடி கணீரென்று பதிவாயிற்று.

அத்தோடு எழுந்துவிட்டார். நான் விடவில்லை. வீட்டுக்கு ஏதாவது பேசுங்கள் என்று நச்சரித்தேன். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ கேக்காத. உங்கம்மாதான் மொதல்ல கேக்கணும். ஆப்பரேசன் முடிஞ்சி வூட்டுக்கு வந்தப்புறம் போட்டுக் காட்டு" என்றார்.

நான் கேட்கவில்லை. விளம்பரத்தை முதல் டிராக்காகவும் அம்மாவுக்கான பேச்சை இரண்டாவது டிராக்காகவும் வைத்து, வீட்டுக்கு ஒரு சிடி போட உட்கார்ந்தேன். அன்றைக்கென்று அந்த டிரைவ் என் உயிரை வாங்கியது. வைத்த சிடியெல்லாம் பாதியில் கெட்டது. புது பாக்கெட் பிரித்து வைத்தபிறகுதான் ஒன்று ஒழுங்காக வந்தது. அதற்குள் பாய் அனுப்பிய ஆட்டோ டிரைவர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கரண்டு போகிற நேரமும் நெருங்கிவிட்டது. விளம்பரத்தைத் தனியாகப் பிரித்துப் போட்டு, அதுவும் கெட்டால் மறுபடி போட நேரமில்லை. ஒழுங்காக வந்த எங்கள் சிடியையே அப்படியே காப்பி போட்டு அவரிடம் கொடுத்து, முதல் டிராக்கை மட்டும் போடுங்கள், இரண்டாவதுக்குப் போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே வாங்கிப் போனார்.

அதன்பிறகு ஆபரேஷன், கரண்டு வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சை என்று சென்னை ஆஸ்பத்திரியிலேயே எங்கள் காலம் போனது. புரட்டாசியில்தான் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கழுத்தில் சின்னக் குழாய், அதன்மேல் மெல்லிய துணி. எனக்குச் சொல்ல வேண்டியதை சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவளிடம் கையால் ஜாடை காட்டுவார், அவளும் எதையோ புரிந்துகொண்டு செய்வாள்.

அந்த வீட்டில் எனக்குத் தாங்க முடியாமல் போனது ஒரே ஒரு விஷயம்தான். அம்மா திட்டுவதை விட்டுவிட்டாள். அப்பா ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால், சத்தமில்லாமல் எடுத்துக் கொடியில் காயப்போட்டாள். மருந்தை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். பேச முடியாத மனுஷனிடம் வாயைக் காட்டுவது பாவம் என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டாள். அப்பா அவள் போகிற வருகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் சண்டை போட்டு என் பிராணனை வாங்கிய இரண்டு பேரும் இப்போது வாயே திறக்காமல் என்னை வதைத்தார்கள்.

அந்தச் சிடியைக் கேட்டால் அம்மா சரியாகிவிடுவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் பிளேயர் கிடையாது, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வருகிறேன் என்றேன். அம்மா பிடிவாதமாக மறுத்துவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டால் தாங்கமாட்டேன், கொஞ்ச நாள் போகட்டும் என்று சிடியை சாமிப் படங்களுக்குப் பின்னால் வைத்தாள். எனக்கும் அதுவே பத்திரமான இடமாகத் தோன்றியது. பேரன் பேத்தி காலம் வரைக்கும் சிடி அழியாது என்று எங்கள் முதலாளி வேறு அடிக்கடி சொல்வார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஹாரன் ஸ்பீக்கரும்தான் முதல் மரியாதை. துடைத்து, வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைப்போம். நான் காலையில் சென்டரில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மைக்குக்குப் பக்கத்தில், வாழை இலைமேல், சிடி. அதில் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த மனுஷன் தொழிலே இப்போது அதற்குள்தான் இருக்கிறது, அதற்கு வைக்காமல் எதற்கு வைப்பது என்று அம்மா கேட்டாள். பளபளக்கிற பக்கத்தைத் தொடவே இல்லை, எழுத்து போட்ட மேல்பக்கத்தில்தான் வைத்தேன் என்று தன் சாமர்த்தியத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

நானும் அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். சிடி என்றால் பளபளக்கிற பக்கம்தான் முக்கியம் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். எங்கள் சென்டரில் வாங்கிய மலிவு சிடிகளில் எழுதுகிற படலம் மேல்பக்கத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது, அதற்கு மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் அம்மா காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தாள். பெயர்ந்த சந்தனத்தோடு வெள்ளிப் படலமும் அப்பளம் உரிவது மாதிரி வந்துவிட்டது. மீதியை ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைத்திருக்கிறாள், அதிலும் கொஞ்சம் போயிற்று. நான் வாங்கித் தூக்கிப் பார்த்தபோது, சிடிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது.

நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பழைய அம்மாவாக இருந்தால், இவ்வளவு அருமையான பொருளை ஒன்றே ஒன்றுதான் போட்டாயா என்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளித் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டே அழுதாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்பாவிடம் சிலேட்டைக் கொடுத்து, என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள், நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றேன். வெட்கமா கோபமா தெரியவில்லை, 'போ' என்று மட்டும் எழுதிக் காட்டினார். இந்த வீட்டில் யாரைத் திருத்துவது சொல்லுங்கள்.

சென்டருக்கு ஓடினேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியால் வைரஸ் புகுந்து, முதலாளி கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டிருந்தார். அப்பாவின் குரல் அங்கே இல்லை. அப்போதுதான் பாயிடம் கொடுத்த காப்பி ஞாபகம் வந்தது.

பாய் தீபாவளிச் சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த சிடியா என்று சலித்துக்கொண்டார். டிரைவரை ஆடி முடிவதற்குள்ளேயே நிறுத்திவிட்டாராம், சிடியும் அவனோடு போய்விட்டதாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"அவன் முழுசா ஓட வுட்டுட்டான்மா. கிராமத்துலேர்ந்து கடைக்கு வர்றவங்க, மைக்காரரு சம்சாரம் எப்படி கீறாங்கன்னு கேக்கறாங்க. தள்ளுபடி எவ்ளோன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துவிட்டது. நான் அவ்வளவு சொல்லியும், அம்மா மட்டும் கேட்க வேண்டியதை அந்த ஆள் ஹாரனில் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார். அப்பா அப்படி என்ன பேசியிருக்கிறார் என்று பாயைக் கேட்டேன். புருஷன் பெண்டாட்டி பேச்சை நான் எப்படியம்மா சொல்வது என்று புடவையை மடிப்பதில் இறங்கிவிட்டார். டிரைவரின் வீடு காவாந்தண்டலத்தில் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் லீவு போட்டுக் காவாந்தண்டலம் போய் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு போனால், டிரைவரின் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பெண்கள் கூட நின்றிருந்தார்கள். உத்திரமேரூர் மைக்காரர் மகள் என்று நான் சொன்னதுதான் தாமதம், குடத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்கம்மா இப்ப திட்றாங்களா?" என்று டிரைவரின் மனைவியான அந்த அக்கா கேட்டார்.

முன்பின் தெரியாத ஊரில், தெருக்குழாயடியில், இது என்ன கேள்வி என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மா யாரையும் திட்டுவதில்லை, ஆபரேஷன் ஆனதிலிருந்து வாயே திறப்பதில்லை என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்தம்மாவுக்கு இன்னும் போட்டுக் காட்டலியா?" என்றார் அந்த அக்கா. பக்கத்திலிருந்த ஒரு பெண் எதையோ சொல்ல வாயெடுத்தாள். இவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ சொல்லாத. அந்தம்மா கேக்க வேண்டியது."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அங்கே குடம் வைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும் என் அப்பா என்ன சொன்னார் என்று தெரியும். எனக்குத் தெரியாது, என் அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு விஷயத்தை எங்களிடமே ரகசியமாக வைத்திருக்கிறார்கள். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் இப்போது வாலாஜாபாத்தில் ரைஸ் மில் பக்கம் லோடு அடிக்கிறார், சீக்கிரம் போ என்று பஸ் நிற்கும் இடம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வாசலில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது அந்த லோடு ஆட்டோ. கூரைமேல் ஹாரன் ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கம் நடுவில் ஆணியடித்து ஒரு சிடியை மாட்டியிருந்தார்கள். வெயிலில் வெளுத்து, பாதி நிறம் போய், சேறு தெறித்து. சந்தனத்துக்குத் தப்பியது ஆணிக்குத் தப்பவில்லை என்று நினைத்து அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் ஓடிவந்தார். அது ஏதோ வீணாய்ப்போன பாட்டு சிடியாம். மைக்காரர் சிடி இருக்கிறது என்று சீட்டைத் தூக்கி, கிரீஸ் கறை பட்ட துணியில் சுற்றியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். கீழ்பக்கமெல்லாம் கீறல். ஆனால் மேல்பக்கம் முழுசாக இருந்தது. கையில் வாங்கியதும், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். முதல் டிராக் மட்டும் போடச் சொன்னேனே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மொதல்ல தெரியாமதான் ஓடிச்சிம்மா" என்றார். "பழையசீவரம் பக்கம் நாத்து நட்டுக்கினு இருந்த பொம்பளைங்க எல்லாம் வரப்புக்கு வந்துட்டாங்க. நிறுத்தாத, இன்னொரு தபா போடுன்னாங்க. அதுல ஒருத்தங்க அழுதுக்கினே கேட்டாங்க. அதுக்கப்பால எனக்கு நிறுத்த மனசு வரல."

போட்டுக் காட்டட்டுமா என்று வண்டியிலிருந்த சிடி செட்டில் கை வைத்தார். வேண்டாம், அம்மாதான் முதலில் கேட்க வேண்டும் என்றேன். இத்தனை ஊர் கேட்டபிறகு முதலில் என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்கே தோன்றியது. உங்கள் வீட்டில் செட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், மில்காரரிடம் போய் ஏதோ பேசி, ஏற்றிய மூட்டைகளையெல்லாம் அவரே இறக்கி வைத்துவிட்டு வந்தார். ஏறும்மா என்றார்.

எங்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாசலில் வண்டியை நிறுத்தி செட்டைப் போட்டதும், கூரை ஹாரனிலிருந்து 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று அப்பாவின் குரல் தெருவை நிறைத்தது. அம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வந்தார். தன் குரலையே கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். அப்புறம் டிரைவரைப் பார்த்து, சத்தத்தைக் குறை, இரைகிறது என்று அவசர அவசரமாகக் கையை ஆட்டினார். அந்த நேரத்திலும் தொழில் சுத்தம் போகவில்லை. ஆடித் தள்ளுபடி முடிந்தது. இரண்டு மூன்று இடத்தில் திக்கித் திணறிவிட்டு சிடி அடுத்த டிராக்குக்குப் போனது.

"அன்பார்ந்த... சீ. இந்தாமே, நான்தான். இன்னா பேசறதுன்னு தெரியல. ஆப்பரேசனுக்கு அப்பால எனக்குக் குரல் இருக்காதாம். ஊருக்கெல்லாம் கத்தினேன், உன்னாண்ட ஒழுங்கா ஒரு வார்த்தை பேசினதில்ல. நீ திட்டுவ, நான் திருப்பித் திட்டுவேன், அதான் நமக்குப் பேச்சு. இனிமே என்னால திருப்பித் திட்ட முடியாது. அதுக்காவ, பாவம்னு நெனச்சிக்கினு நீ திட்றத நிறுத்திடாத. வூடு வூடா இருக்கணும். எனக்குக் காது நல்லாத்தான் கீது. நீ திட்டிக்கினே இரு. நான் கேட்டுக்கினே இருக்கறேன்."

அவ்வளவுதான். சிடி சுற்றிக்கொண்டு மறுபடியும் ஆடித் தள்ளுபடிக்குப் போக, டிரைவர் செட்டை அணைத்தார். அப்பா அம்மாவைப் பார்க்காமல் கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டிருந்தார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன்.

"காது நல்லா கீதா?" என்றாள் அப்பாவைப் பார்த்து. "அப்ப நல்லா கேட்டுக்க. இத்த என்கிட்ட நேரா சொன்னா உன் வாய்ல இன்னா முத்தா உதிந்துடும்? ஊரெல்லாம் கேட்டப்புறம் கடைசியா எனக்குச் சொல்றியா நீ?"

அத்தோடு நிறுத்தவில்லை. கட்டிலில் போட்ட ஈரத்துண்டு, பாதி குடித்து வைத்த கஞ்சி, நடுராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைப்பது என்று அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்தாள். கண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை. அப்பா தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை, குழாய் வழியாகக் காற்று மட்டும் வந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு அம்மா அவரையும் விடவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சைக் காவாந்தண்டலம் வரைக்கும் கொண்டுபோனதற்காக ஒரு பாட்டம் திட்டிவிட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா சில வருடங்கள் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட சத்தம் ஓயவில்லை. அந்த சிடியை நான் எத்தனையோ காப்பி போட்டேன், அம்மா ஒரு தடவைகூட மறுபடி போடச் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியது அன்றைக்கே கிடைத்துவிட்டது. நான்தான் மாறிப்போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டியது ஒன்று மனதில் இருந்தால், நல்ல நேரம் வரட்டும் என்று இப்போதெல்லாம் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. திட்டாக இருந்தாலும் சரி, அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.